நீர்ப்பைக்குக் கொடி காட்டுவது யார்?

1975-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இந்தப் பெங்களூர் நகரத்திலே, கடற்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனை ஒன்று நடைபெற்றது. அதில் கலந்துகொண்டவர்களுள் ராமகிருஷ்ணன் என்ற தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவரும் ஒருவர். சோதனையின் இறுதிக் கட்டத்தில் அவர் உயரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடம் சிதைந்தது, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. அவர் பின்னர்த் தம் ஊராகிய ஆய்க்குடிக்குத் திரும்பி, 1981-ஆம் ஆண்டில், தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் ‘அமர் சேவா சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார் என்பதும், 2020-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது என்பதும் நேயர்களில் பலர் அறிந்த செய்திகளே.

அப்பெரியாருடைய வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். நான் இத்திங்கள் எழுத எடுத்துக்கொண்டது, அத்தகைய விபத்துக்கு ஆளாகும் ஒவ்வொருவருக்கும் நேர்கின்ற, ஆனால் சபையில் எவரும் வாய்திறந்து பேசாத ஒரு விஷயம். முதுகெலும்பில் அடிபட்டவரைக் காணச் செல்பவர்கள், “கை அசைகிறதா? கால் அசைகிறதா?” என்றுதான் கேட்கின்றார்கள். “சிறுநீர் எப்படிப் போகிறது?” என்று கேட்பாரில்லை. கேட்டால் நாகரிகம் அன்று என்று நினைக்கின்றோம். ஆயினும், இத்தகைய நோயாளிகளைக் கொன்றது பண்டு முதல் அசையாத கால் அன்று. காலியாகாத நீர்ப்பையே ஆகும். முதல் உலகப் போரில் தண்டுவடம் முறிந்த போர்வீரர்களில் பெரும்பாலோர், நீர்ப்பையிலும் சிறுநீரகத்திலும் சீழ் பிடித்தும், படுக்கைப் புண் கண்டும், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மாண்டார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்காக இந்நகருக்கு வந்தவை. சாரத்தின் மேல் நின்று பிழைப்பவருடைய வீட்டில் இந்த விஷயம் நாகரிகத்தைக் காரணம் காட்டி ஒதுக்கத்தக்கது அன்று.

முதலில், உடம்பு நன்றாயிருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சிறுநீரகங்கள் இரண்டும் இரவும் பகலும் ஓயாமல் நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். அந்நீர் நேரே வெளியே வருமானால் மனிதன் சந்தைக்குப் போக முடியாது, வேலைக்குப் போக முடியாது, உறங்கவும் முடியாது. அதனால் இடுப்புக் கூட்டுக்குள்ளே ஒரு தசைப்பை அமைந்திருக்கிறது. 150 முதல் 250 மில்லிலிட்டர் வரை நிரம்பும்போது ‘நீர் இருக்கிறது’ என்ற மெல்லிய உணர்ச்சி தோன்றும். 400, 500 என்று ஏறும்போது அவ்வுணர்ச்சி அவசரமாக மாறும். நாளொன்றுக்கு ஆறு, ஏழு முறை, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இருபத்துநான்கு மணி நேரத்தில் நீர்ப்பை காலியாகும் வேலைக்குச் செலவாவது மூன்று நான்கு நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அதன் வேலை சேமித்து வைப்பதுதான். ஆகவே நரம்புகளின் பெரும்பணி ‘போ’ என்று சொல்வது அன்று; ‘பொறு, பொறு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதே.

இப்பையின் வாயிலில் இரண்டு கதவுகள் உள்ளன. உட்கதவு நம் இச்சைக்கு உட்பட்டது அன்று. தானே மூடியிருக்கும், தானே திறக்கும். வெளிக்கதவு வளையம்போன்ற ஒரு தசை. அதை நாம் நினைத்தபோது இறுக்கலாம், நினைத்தபோது தளர்த்தலாம். பைக்கும் இக்கதவுகளுக்கும் மூன்று நரம்பு வழிகள் வருகின்றன. நடுமுதுகின் கீழ்ப்பகுதிக்கும் இடுப்பின் மேற்பகுதிக்கும் உரிய தண்டுவடத்திலிருந்து புறப்படும் பரிவு நரம்புகள், பையைத் தளர்த்தி உட்கதவை மூடிவைக்கும். தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்து, அதாவது திருவெலும்புப் பகுதிக்குரிய 2, 3, 4-ஆம் கண்டங்களிலிருந்து, புறப்படும் துணைப்பரிவு நரம்புகள் பையைச் சுருக்கும். அதே கண்டங்களிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு வெளிக்கதவை ஆள்கிறது. நம் இச்சை செல்லும் வழி அதுவே.

பை நிரம்பியதை உடம்பு எப்படி அறிகிறது? பையின் சுவர் இழுபடும்போது அதைத் தெரிந்துகொள்ளும் நுண்ணிய புரதம் ஒன்று உண்டு. அதற்கு ‘பியெஸோ-2’ என்று பெயர். இழுபடுவதையும் அழுத்தப்படுவதையும் அறியும் இவ்வகைப் புரதங்களைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் படாபூடியன். 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவருள் ஒருவர். அப்புரதம் பிறவியிலேயே இல்லாத சிலரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2020-இல் எழுதினார்கள். அவர்களுக்கு நீர்ப்பை நிரம்புவது சரியாகத் தெரிவதில்லையாம்; பலர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் போய் வருகிறார்களாம். நம்மூரில் நெடுநாள் நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கும் இதற்கு ஒப்பான நிலை வருவதுண்டு. சர்க்கரை உணர்ச்சி நரம்புகளை அரித்துவிடுகிறது. பை நிரம்பி வழியும்வரை அவர்களுக்குத் தெரிவதில்லை. “அப்பாவுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி போகும் தொல்லை இல்லை” என்று வீட்டார் மகிழ்கிறார்கள். அது மகிழத்தக்க செய்தியாக இல்லாமலும் இருக்கலாம். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, உணர்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்வரப் பழகுவது அத்தகையோருக்கு நன்று என்பர் மருத்துவர்.

செய்தி தண்டுவடத்தின் வழியாக மேலே ஏறி மூளைக்குப் போகிறது. மூளையின் அடித்தண்டில் ‘பாலம்’ என்று பெயர் பெற்ற ஒரு பகுதி உண்டு. அங்கேதான் நீர் கழித்தலை நடத்தும் நிலையம் இருக்கிறது என்பதை 1925-ஆம் ஆண்டில் பாரிங்டன் என்ற ஆங்கிலேயர், பூனைகளை ஆராய்ந்து வெளியிட்டார். மனிதனிடத்திலும் அப்படியேதான் என்பதை மூளையைப் படமெடுத்துக் காட்டியவர்கள் ஹாலந்து நாட்டவர், ஆண்டு 1997. அந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை. பதினேழு ஆடவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்து, “இப்போது கழியுங்கள்” என்றார்கள். பத்துப் பேரால் முடிந்தது. எஞ்சிய எழுவர் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை! பிறர் பார்த்திருக்க, படுத்தபடியே கழிப்பது எளிதா, என்ன? ஆனால் அந்த எழுவராலும் பயன் விளைந்தது. கழித்தவர்களுக்குப் பாலத்தில் ஓரிடம் சுறுசுறுப்படைந்தது போல, கழிக்க இயலாதவர்களுக்கு அதற்கு அருகே வேறோரிடம் சுறுசுறுப்படைந்திருந்தது. அது ‘பொறு’ என்று கதவை இறுக்கும் இடம் என்று கொள்கிறார்கள். புதிய இடத்தில், கூட்டத்தின் நடுவில், வரிசையில் ஒருவர் பின்னால் நிற்கும்போது, முட்டிக்கொண்டு வந்த நீர் வராமல் நின்றுவிடுவதை நம்மில் பலர் அறிவோம். அது நோயும் அன்று, நாணக்கேடும் அன்று.

பாலத்துக்கும் மேலே பெருமூளையின் முன்பகுதி இருக்கிறது. ‘இது இடமா, இது நேரமா?’ என்று ஆராய்ந்து உத்தரவு தருவது அதுவே. குழந்தைக்கு அந்த மேலதிகாரி இன்னும் பதவி ஏற்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக்குள்ளே பகலில் அடக்கும் பழக்கம் படிகிறது. இரவில் அடங்குவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும் குழந்தைகளும் உண்டு. ஐந்து, ஆறு வயதிலும் படுக்கை நனைகிறது என்பதற்காகக் குழந்தையை அடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தூங்கும் பிள்ளையின் மூளைக்கும் நீர்ப்பைக்கும் இடையே நடப்பதற்குப் பிள்ளையைத் தண்டிப்பது, தந்திக் கம்பி அறுந்ததற்குத் தபால்காரனை உதைப்பது போன்றது. முதுமையிலோ, பக்கவாதத்திலோ, பார்க்கின்ஸன் நோயிலோ அந்த மேலதிகாரி தளர்ந்துவிடும்போது, ‘பொறு’ என்ற சொல் கீழே எட்டுவதில்லை. வாசற்கதவைத் திறப்பதற்குள் பெரியவருடைய வேட்டி நனைந்துவிடுகிறது. மருமகளுக்கு அது அசட்டையாகத் தோன்றுகிறது. அவருக்கோ உயிர் போகும் மானக்கேடு.

இனித் தண்டுவடம் முறிந்தால் நேர்வது என்ன என்பதற்கு வருவோம். இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் ரயில்வேயில் காகிதம் எழுதுகிறவனே தவிர, கைகாட்டி இழுக்கிறவன் அல்லன். ஆயினும் உடன் பணிபுரிவோரிடம் கேட்டறிந்த ஒன்று இவ்விடத்தில் உதவுகிறது. கேபினில் ‘இன்டர்லாக்கிங்’ என்றொரு பிணைப்பு முறை உண்டு. வழி சரியாக அமைந்தாலன்றிக் கைகாட்டி இறங்காது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்களை ஒரே வேளையில் செய்ய அம்முறை இடங்கொடாது. பாலத்திலுள்ள நிலையம் செய்கின்ற வேலையும் இதுவே. பையைச் சுருக்குவதற்கு ஆணையிடும் அதே கணத்தில், வெளிக்கதவைத் தளர்த்துவதற்கும் அது ஆணையிடுகிறது. பை சுருங்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது பை தளர்ந்திருக்க வேண்டும்.

கழுத்திலோ நடுமுதுகிலோ தண்டுவடம் முறிந்தவுடன், முதலில் சில வாரங்கள் கீழேயுள்ள நரம்புகள் அதிர்ச்சியால் மயங்கிக் கிடக்கின்றன. பை வெறும் தோற்பைபோல் நிரம்பிக்கொண்டே போகும், தானாகக் காலியாகாது. குழாய் செருகி எடுக்காவிட்டால் பெருந்தீங்கு. பின்னர், கடைக்கோடியிலுள்ள சிறு நிலையம் விழித்துக்கொள்கிறது. மேலிடத்துத் தொடர்பு இல்லாமலே, பை சிறிது நிரம்பியதும் அதைச் சுருக்குகிறது. “ஆகா, தானாகவே சிறுநீர் போகிறதே! குணமாகி வருகிறது” என்று வீட்டார் எண்ணுவது இவ்வேளையில்தான். உண்மையில் அபாயம் தொடங்குவதும் இவ்வேளையில்தான். ஏனெனில் இன்டர்லாக்கிங் அறுந்துபோயிற்று. பை சுருங்குகிறது, கதவும் இறுகுகிறது. இரண்டும் மல்லுக்கு நிற்கின்றன. நீர் கொஞ்சம் கசிகிறது. மீதி உள்ளேயே தேங்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. 40 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு மேல் அழுத்தம் நெடுநாள் நின்றால், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் நீர் இறங்க வழியின்றித் தேங்கி, மேலே எதிர்த்து ஏறவும் தொடங்கி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடுகிறது. வலி இராது, உணர்ச்சிதான் இல்லையே! துணி நனைவது கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீரகம் நலிவது தெரிவதில்லை.

சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுபவர்களுக்கு, முதுகும் இடுப்பும் சேருமிடத்தில் எலும்பு முறிவது மிகுதி. பெரியவர்களின் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை செல்வதில்லை. இடுப்பின் முதலிரண்டு எலும்புகளருகே முடிந்துவிடுகிறது. ஆகையால் அவ்விடத்து முறிவு, நாம் மேலே சொன்ன கடைக்கோடிச் சிறு நிலையத்தையே நசுக்கிவிடக் கூடும். அப்போது பை சுருங்குவதே இல்லை, நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். முறிந்த இடம் நாலைந்து விரற்கடை மேலா கீழா என்பதைப் பொறுத்து நோயின் தன்மை இவ்வாறு தலைகீழாகிறது. ஆதலின் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்த முறையை நம் வீட்டில் பின்பற்றலாகாது. பையில் மெல்லிய குழாயால் நீரை மெதுவாக நிரப்பி அழுத்தத்தை அளந்து பார்த்தே முறையைத் தீர்மானிக்க வேண்டும். இச்சோதனையும் சிகிச்சையும் நமது ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் கிடைக்கின்றன. 1954-இல் ஏற்பட்ட அகில இந்திய மனநல நிலையமும் அதற்கு முற்பட்ட மனநோய் ஆஸ்பத்திரியும் 1974-இல் ஒன்றாகி உருவான நிலையம் அது. பெயரைக் கேட்டுப் ‘பைத்திய ஆஸ்பத்திரி’ என்று அஞ்சி, அங்கே போக மறுத்த குடும்பங்களை நான் அறிவேன். நரம்பு நோய்க்கும் தண்டுவடச் சிதைவுக்கும் அங்கே தனிப் பிரிவுகள் உள்ளன என்பதை அத்தகையோருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

சாவதற்கென்றே விதிக்கப்பட்டவர்கள் என்று கருதப்பட்ட இந்நோயாளிகளை வாழவைத்தவர்களுள் முதன்மையானவர் லூட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் தண்டுவட நோயாளிகளுக்கென்று தனிப் பகுதி அமைத்தார். நோயாளிகளை இரவும் பகலும் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண்ணைத் தடுத்தார். நீர்ப்பையைக் குறித்த நேரத்தில் காலி செய்வதில் கண்டிப்பாக இருந்தார். ஊனமுற்றோர் ஒலிம்பிக் என்று இன்று உலகம் கொண்டாடும் விளையாட்டு விழா, அவர் 1948-இல் அங்கே தொடங்கிய பந்தயங்களிலிருந்து வளர்ந்ததே.

நம் பக்கத்தில் இப்பணிக்கு வித்திட்டவர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராயிருந்தவர்; 1954 ஜனவரியில் கார் விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் தண்டுவடம் சிதைந்தோருக்கான மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. அவர் பெயரைத் தாங்கி அது இன்றும் பாகாயத்தில் நடைபெறுகிறது. பெங்களூரிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் ரயிலில் காட்பாடிக்குப் போய்விடலாம் என்பதை, ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

இன்று பெரும்பாலும் மேற்கொள்ளப்படும் முறை மிக எளியது. மெல்லிய குழாய் ஒன்றை, அதாவது கத்தீட்டரை, நோயாளி தாமே செருகி நீரை எடுத்துவிட்டு, உடனே குழாயையும் எடுத்துவிடுகிறார். நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை. ஆஸ்பத்திரியில் செய்வதுபோல் கிருமியே அணுகாத ஏற்பாடு வேண்டியதில்லை. சோப்பினால் நன்கு கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று 1972-இல் அமெரிக்காவின் ஜாக் லாபிடஸ் என்பவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. அவர் சொன்ன காரணம் இது: சிறிது கிருமி உட்புகுவதைவிட, பை அளவுக்கு மீறி விரிந்து, அதன் சுவரில் ரத்தவோட்டம் குன்றுவதே பெருங்கேடு. வேளை தவறாமல் காலியாகும் பை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அவர் கூறியது அனுபவத்தில் நிலைபெற்றது. இதற்குத் துணையாகப் பையின் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகளும், பைச் சுவரில் போடும் ஊசி மருந்தும் உண்டு. மாத்திரைகளில் சில வாயை உலரச் செய்யும். முதியோருக்கு மறதியையும் மயக்கத்தையும் தரக் கூடும். ஆதலால் கடைக்காரரைக் கேட்டு வாங்கத்தக்கவை அல்ல.

இம்முறையைப் பழக ஆஸ்பத்திரியில் சில நாட்கள் போதும். பழகத் தடையாயிருப்பது கையன்று, கூச்சம். மணமான சில மாதங்களில் கணவன் விழுந்துவிட்டான் என்றால், அவன் மனைவி அதைக் கற்றுக்கொள்ள முன்வருகிறாள், மாமியார், “இதெல்லாம் பெண்பிள்ளை செய்யும் வேலையா?” என்கிறார். அந்தப் பேச்சின் விலை ஒரு ஜோடிச் சிறுநீரகம் என்பது மாமியாருக்குத் தெரியாது. கை நன்றாயிருக்கும் நோயாளி தாமே செய்துகொள்வதுதான் எல்லாருக்கும் நலம். அதற்குமேல் எந்த வாக்குவாதமும் தேவையில்லை.

கழுத்தோ மார்பின் மேற்பகுதியோ அடிபட்டவர்களின் வீட்டார் மற்றொன்றையும் நெட்டுருப் போட வேண்டும். அவர்களுக்கு நீர்ப்பை நிரம்பினாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ, உணர்ச்சி தெரியாவிட்டாலும், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறக் கூடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்த்தல் ஆகியவை அடையாளங்கள். அப்போது படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, நீரை வெளியேற்றுங்கள். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. தலைவலி மாத்திரை கொடுத்துப் போர்வை போர்த்திவிட்டால் மூளையில் ரத்தம் கசியவும் இடமுண்டு.

நோயில்லாதவர்களுக்கும் இரண்டொரு சொல். சித்த மருத்துவ நூல்கள் அடக்கலாகாத வேகங்கள் என்று பதினான்கைக் கூறுகின்றன. அவற்றுள் சிறுநீரும் ஒன்று. நாமோ அடக்குவதையே திறமையாகக் கொண்டிருக்கிறோம். துணிக்கடையில் பகலெல்லாம் நிற்கும் பெண்களும், சாலை வேலை செய்யும் பெண்களும், ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகின்றனர். நீர்க்கடுப்புக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. எங்கள் ரயில்வேயிலும், எஞ்சினுக்குள் கழிப்பிடம் அமைக்கும் ஏற்பாடு 2016-இல்தான் தொடங்கிற்று. பயணிகளின் வண்டிகளில் நூறாண்டாக இருந்துவரும் வசதி, வண்டியை ஓட்டுகிறவருக்கு இல்லாதிருந்ததை என்னென்பது!

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இடுப்புவலி பலருக்கும் உண்டு; மூட்டை தூக்குபவர்களுக்குக் கேட்கவே வேண்டா. ஆனால் இடுப்புவலியோடு கூடவே, சிறுநீர் திடீரென்று இறங்க மறுத்தாலோ, தெரியாமலே கசிந்தாலோ, சைக்கிள் இருக்கையில் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, அது சாதாரண இடுப்புவலி அன்று. தண்டுவடத்தின் நுனியிலிருந்து குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கற்றையை, விலகிய வட்டெலும்பு நெருக்குகிறது என்பதற்கு அது அடையாளமாகலாம். எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் நோய் இது அன்று. ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து நெருக்கத்தை நீக்கினால் நீர்ப்பை பிழைக்க வழியுண்டு. நாள் கடந்தால் நரம்பு மீளாமற்போகலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை இரவு பன்னிரண்டு மணியானாலும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாசலிலேயே, “சிறுநீர் இறங்கவில்லை” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.